லயத்து வீட்டை விட்டு வந்த பிறகு அப்பா பேசுவதே இல்லை – வயசா, நோயா?

மூத்தமகள் (சுங்கை சிப்புட்):

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவுக்கு 64 வயது. பிறந்து வளர்ந்து கல்யாணம் பண்ணியது எல்லாம் மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரே ரப்பர் தோட்டத்தில். மீசை முளைக்கும் முன்னே பேர் பதிந்து பால்மரம் வெட்டப் போனவர். மரத்தை அழித்துச் செம்பனை நட்ட பிறகு உரம் போடுவது, உதிரிப் பழம் பொறுக்குவது என்று கடைசி வரை அங்கேயேதான் வேலை. 60 வயதில் ஓய்வு கொடுத்தார்கள். அதற்கப்புறமும் கொந்திராக்கில் (ஒப்பந்த வேலைக்கு) கூப்பிட்டதால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டிலேயே இருந்தார்கள். போன வருஷம் வீட்டைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். தம்பி தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வாங்கிய வீட்டுக்கு அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். நான் அதே தாமானில் இரண்டு லோரோங் (சந்து) தள்ளி இருக்கிறேன்.

தோட்டத்தில் அப்பா வாய் ஓயாத மனிதர். மாரியம்மன் திருவிழாவில் உறுமி அவர் கையில்தான் இருக்கும். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கூடாரம் போட முதல் ஆளாக நிற்பார். இங்கே வந்த புதிதில் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார், சாக்கடையைச் சுத்தம் பண்ணினார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிட்டார். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, பழைய வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, போர்ச்சில் பிளாஸ்டிக் நாற்காலியில் கேட்டைப் பார்த்து உட்காருகிறார். வெயில் ஏறும் வரை அசைவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் "வைங்க" என்பார். வைத்தது வைத்தபடி ஆறிப்போகும். சிலுவார் (கால்சட்டை) இடுப்பில் நிற்கவில்லை. குளிப்பதற்கே அம்மா சண்டை போட வேண்டியிருக்கிறது. பேரன் போய் மடியில் உட்கார்ந்தால் முன்பு தலையைக் கோதுவார், இப்போது கை எழும்புவதே இல்லை.

கால் வலி, நெஞ்சு இறுக்கம் என்று சொன்னதால் கிளினிக்கில் இசிஜி எடுத்துப் பார்த்தோம். நெஞ்சுக்கு ஒன்றுமில்லை என்றார்கள். சர்க்கரைக்குப் பல வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். மறதியும் வருகிறது. இன்று என்ன கிழமை என்று கேட்டால் "எனக்கு எங்க தெரியும்" என்கிறார். முன்பு வேலை முடிந்தால் கொஞ்சம் தண்ணி போடுவார், இப்போது அதையும் தொடுவதில்லை.

அம்மா இதைப் பிடிவாதம் என்கிறார். தம்பிக்கு ஷிப்ட் வேலை. களைத்து வந்து, "ஏர்கோன் போட்ட ரூம் கொடுத்திருக்கேன், உங்களுக்கு இங்க என்ன கொறச்சல்?" என்று கத்துகிறான். சித்தப்பா சொல்லி ஒரு சாமி பார்க்கும் இடத்துக்கும் போனார்கள். செய்வினை என்று சொல்லி 800 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு ஒரு தகடு கொடுத்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை.

போன வாரம் மாத்திரை கொடுக்கப் போனேன். "எதுக்கும்மா இதெல்லாம், நான் இருந்து யாருக்கு என்ன, போய்ச் சேர்ந்தா உங்களுக்கும் பாரம் கொறையும்" என்றார். அன்றிலிருந்து எனக்கு ராத்திரித் தூக்கம் இல்லை.

இது வயசா? மறதி நோயா? மனநலத்துக்குப் பார்க்க வேண்டுமென்றால் எப்படிக் கூட்டிப்போவது? நாங்கள் இருப்பது மனநல ஆஸ்பத்திரி இருக்கும் தஞ்சோங் ரம்புத்தானுக்குப் பக்கம். சின்ன வயசில் நாங்கள் சேட்டை பண்ணினால் "தஞ்சோங் ரம்புத்தான்ல விட்டுட்டு வந்துடுவேன்" என்று மிரட்டியதே அப்பாதான். அவரிடம் போய் நான் என்ன சொல்லட்டும்?

ஈப்போ வாசி:

சகோதரி, கவலைப்படாதீர்கள். ஓய்வு பெற்ற எல்லாருக்கும் கொஞ்ச நாள் இப்படி இருக்கும். கேமரன் மலைக்கோ பினாங்குக்கோ ஒரு சுற்று கூட்டிப்போங்கள். மனசைத் தைரியமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நம் அப்பாமார்கள் எவ்வளவு கஷ்டத்தைப் பார்த்தவர்கள், இதையும் தாண்டிவிடுவார். கோவிலில் ஒரு அர்ச்சனை செய்யுங்கள்.

பழைய டிரெசர் (கோலகங்சார்):

அம்மா, நான் தோட்ட ஆஸ்பத்திரிகளில் டிரெசராக, அதாவது மருந்து கொடுத்துக் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் அப்பா வயதுக்காரர்கள்தான் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் என்னிடம் வந்து நின்றவர்கள். நீங்கள் எழுதியதைப் படித்தபோது ஆளை நேரில் பார்ப்பது போல இருந்தது. நான் டாக்டர் இல்லை, இங்கே உட்கார்ந்து நோய்க்குப் பேர் வைக்க மாட்டேன். ஆனால் இது வயசு மட்டும் இல்லை என்பதை உறுதியாகச் சொல்வேன்.

முதலில் அந்தக் கடைசி விஷயம், ஏனென்றால் அது காத்திருக்காது. "போய்ச் சேர்ந்தா தேவலை" என்று வயசானவர்கள் சும்மா சொல்வதும் உண்டு. சாப்பாட்டை விட்டு, குளிப்பதை விட்டு, பேரனைக்கூடத் தொடாமல் இருக்கும் மனிதர் சொன்னால் அதைச் சும்மா என்று விடக்கூடாது. அவரிடம் நேராகவே கேளுங்கள்: "அப்பா, உயிரை விட்டுடலாம்னு நெனப்பு வருதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?" கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிடுவோமோ என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே பலருக்குப் பாரம் கொஞ்சம் இறங்கும். யோசித்து வைத்திருக்கிறேன் என்று சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், தனியாக விடாதீர்கள். ஆம்புலன்ஸ் தேவைப்பட்டால் 999.

வீட்டில் களைக்கொல்லி, பூச்சி மருந்து எது இருந்தாலும் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். தோட்டங்களில் பல உயிர்களைக் கொண்டுபோன பாராகுவாட்டுக்கு 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை. ஆனால் மற்ற மருந்துகள் ஸ்டோர் அறையில் கிடக்கும். மாத்திரைகளை அம்மா தன் கையில் வைத்து வேளைக்கு எடுத்துக் கொடுக்கட்டும். தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ் என்ற பயம் ரொம்ப காலம் நம் ஆட்களின் வாயைக் கட்டி வைத்திருந்தது. குற்றவியல் சட்டத்தின் அந்த 309ஆம் பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. இனி உதவி கேட்க அந்தப் பயம் வேண்டாம். உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் போன் பண்ணிப் பேச சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் 15555, பிஃப்ரெண்டர்ஸ் தொண்டு அமைப்பின் 03-7627 2929 இரண்டும் இருக்கின்றன. தமிழில் பேச ஆள் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி நோய் விஷயம். மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டே இருப்பார்கள் என்று நினைக்கிறோம். நம் தோட்டத்து ஆண்கள் அழ மாட்டார்கள். அவர்களுக்குக் கால் வலிக்கும், நெஞ்சு இறுகும், வயிறு மந்தமாக இருக்கும், எரிச்சல் வரும், பேச்சு நின்றுபோகும். வலி பொய் என்று நான் சொல்லவில்லை, வலி நிஜமாகவே இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய தினமும், எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, தன்னால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்ற நினைப்போடு ஒருவர் இருந்தால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். உங்கள் அப்பாவுக்கு நீங்கள் எழுதியதில் ஏறக்குறைய எல்லாமே இருக்கிறது.

மறதியைப் பற்றியும் கேட்டீர்கள். மனச்சோர்விலும் மறதி வரும். மனசு ஒன்றில் நிற்காதபோது எதுவும் பதியாது. கேள்வி கேட்டால் யோசிக்காமலே "தெரியாது" என்பார்கள். மறதி நோய் பெரும்பாலும் வருஷக்கணக்கில் மெதுவாக வரும். அந்த நோயாளி தனக்கு மறக்கிறது என்பதையே மூடி மறைக்கப் பார்ப்பார், எதையாவது சொல்லிச் சமாளிப்பார். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு என்பதால் வீட்டில் நாமே முடிவு கட்ட வேண்டாம்.

டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது மெட்ஃபார்மின். பல வருஷம் சாப்பிட்டால் சிலருக்கு உடம்பில் வைட்டமின் பி12 குறைந்துபோகும். அதனால் சோர்வு, கால் மரத்துப்போவது, மறதி, மனசு சோர்ந்து கிடப்பது எல்லாம் வரலாம். தைராய்டு குறைந்தாலும் ஆள் இப்படித்தான் மந்தமாகிவிடுவார். இரண்டையும் ரத்தத்தில் பார்த்துவிடலாம். காது சரியாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள். காது மந்தமானவர்கள் பேச்சில் கலந்துகொள்ள முடியாமல் ஒதுங்கிவிடுவார்கள், நாம் அதைக் கோபம் என்று நினைப்போம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட மனச்சோர்வு அதிகம் வரும் என்பதும் தெரிந்த விஷயம்தான்.

அவரிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். பொய் சொல்ல வேண்டாம், பேர் சொல்லி மிரட்டவும் வேண்டாம். "அப்பா, நீங்க சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல, எளைச்சுப் போயிட்டீங்க, எனக்குப் பயமா இருக்கு. டாக்டர்கிட்ட போயிட்டு வருவோம், எனக்காக வாங்க." அவ்வளவுதான். இதில் எல்லாமே உண்மை. பிள்ளைக்காக வா என்றால் அந்தத் தலைமுறை ஆண்கள் வருவார்கள், தனக்காக வரமாட்டார்கள். முதலில் போக வேண்டியதும் தஞ்சோங் ரம்புத்தான் இல்லை, உங்கள் ஊர் அரசாங்க கிளினிக்தான். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிக்கு மேல் ஆகாது. கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று ஒன்பது கேள்வி உள்ள தாளை வைத்துக் கேட்பார்கள், உடம்பையும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். தஞ்சோங் ரம்புத்தானைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது 1911இல் திறந்த ஆஸ்பத்திரி. அன்றைக்கு அடைத்து வைக்கும் இடமாக இருந்தது. இன்று அங்கே காலையில் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வருகிறவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பேரை வைத்துப் பிள்ளைகளை மிரட்டுவதை நம் வீடுகளில் நிறுத்த வேண்டும். நோயாளி வெட்கப்பட்டு வராமல் இருப்பதற்கு அதுவே பாதிக் காரணம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தம்பி "என்ன கொறச்சல்" என்று கேட்கிறான். குறைந்தது என்ன என்று சொல்கிறேன், கேளுங்கள். விடியுமுன்னே வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் நின்றுபோகும். அதனால் அவர் உடம்பு வாழ்நாளெல்லாம் நாலு மணிக்கு எழுந்து, வேலைக்கு முன்னே பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்று பழகியது. அங்கே மண்டோர் (மேற்பார்வைக்காரர்) பேரைக் கூப்பிடுவார், இவர் பதில் சொல்வார். ஆள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவன் இருந்தான். நிரையில் பக்கத்து மரத்து ஆள் இருந்தான். சாயந்திரம் லயத்து வாசலில் பேச்சு இருந்தது. அவருடைய அம்மா அப்பாவைப் புதைத்த மண் நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. உறுமியைத் தூக்கினால் கூட்டம் கூடியது. வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு இவ்வளவும் ஒரே நாளில் போய்விட்டது. சாவு வீடென்றால் பதினாறாம் நாள் வரை ஊரே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும். இவருக்கு யாரும் வந்து துக்கம் கேட்கவில்லை. புது வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் சிரிக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்திருக்கிறார்கள்.

அதனால் "ஏர்கோன் இருக்கு, பிள்ளைங்க நல்லா இருக்கோம், அப்புறம் என்ன" என்ற பேச்சை வீட்டில் எல்லாரும் விட வேண்டும். அது அவர் வாயை இன்னும் மூடும். சும்மா பக்கத்தில் உட்கார்ந்து, "லயத்து வீடு ஞாபகம் வருதாப்பா?" என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் நீங்கள் பேசாதீர்கள். ரொம்ப நேரம் ஆகலாம், பதில் வராமலும் போகலாம், பரவாயில்லை. அழுதால் நிறுத்தப் பார்க்காதீர்கள். எதிரே உட்கார்ந்து விசாரிப்பதைவிடக் காரில் போகும்போது பேச்சு சுலபமாக வரும்.

ஈப்போ தம்பி சொன்ன கேமரன் மலை இப்போது வேண்டாம். நல்ல மனசோடுதான் சொல்கிறார், கோவிலுக்குப் போவதையும் நான் தடுக்கவில்லை. ஆனால் மனச்சோர்வில் இருப்பவரை மலைக்குக் கூட்டிப்போய்ச் சந்தோஷமாக இரு என்றால், சந்தோஷப்பட முடியாத குற்றவுணர்வும் சேர்ந்துகொள்ளும். தைரியமாக இரு என்பதும் அப்படித்தான். சின்னதாக ஆரம்பியுங்கள். அவர் எழும் நேரத்தை மாற்றப் பார்க்காதீர்கள், அந்த நேரத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். பேரனைத் தமிழ்ப்பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போகும் பொறுப்பு, அல்லது பாலிபேக்கில் கத்தரி, மிளகாய், கறிவேப்பிலை. பொழுதுபோக்குக்காகச் செய்யச் சொன்னால் செய்ய மாட்டார். அவர் போகாவிட்டால் பிள்ளைக்கு லேட்டாகும் என்ற நிலைமை நிஜமாகவே இருக்க வேண்டும். மனசு சரியான பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் மனசு சரியாகாது. கை கால் முதலில் அசைய வேண்டும், மனசு பின்னால் வரும். ஆரம்பத்தில் யாராவது கூடவே போங்கள். அவரோடு வேலை பார்த்தவர்கள் இப்போது எந்தெந்தத் தாமானில் இருக்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அதில் ஒருவரைப் பிடித்து, வாரம் ஒரு காலை சாப்பாட்டுக் கடையில் கோப்பி குடிக்க வரச் சொல்லுங்கள். நீங்கள் கூட உட்காராதீர்கள், அவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

செம்மோர் அக்கா:

தங்கச்சி, டிரெசர் ஐயா சொன்னதோடு ஒன்றிரண்டு சேர்த்துக்கொள். என் மாமியாருக்கு இதே மாதிரிதான் இருந்தது, மாமனார் போன பிறகு. அரசாங்க கிளினிக்கில் காட்டித்தான் தேறினார்கள்.

போகுமுன்னே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. எப்போதிலிருந்து சாப்பாடு குறைந்தது, எத்தனை மணிக்கு எழுகிறார், எடை எவ்வளவு இறங்கியது, என்ன சொன்னார். "போய்ச் சேர்ந்தா உங்களுக்கும் பாரம் கொறையும்" என்று சொன்னதை அதே வார்த்தையில் எழுது. டாக்டர் முன்னால் உட்கார்ந்தவுடன் நம் ஆட்கள் "ஓக்கே டாக்டர், ஒண்ணுமில்ல" என்று சிரித்துவிடுவார்கள். என் மாமியார் வீட்டில் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு, அங்கே போய் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொன்னார்கள். தாளைக் கொடுத்த பிறகுதான் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

மலாயில் கேள்வி கேட்டால் அப்பா பதில் சொல்லிவிடுவார், தோட்டத்தில் பழகிய மலாய் இருக்கும். ஆனால் மனசில் இருப்பது அந்த மலாயில் வராது. தமிழ் பேசும் நர்ஸோ எம்ஏவோ (மருத்துவ உதவியாளர்) இருந்தால் கூப்பிடச் சொல்லிக் கேள். கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். நீயே மொழிபெயர்க்க வேண்டி வந்தால் அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லு. பிள்ளைக்கு முன்னால் சொல்ல வெட்கப்படுகிறவர்களும் உண்டு, அதனால் கொஞ்ச நேரம் நீ வெளியே போய் நில்.

அம்மாவை மறந்துவிடாதே. பிடிவாதம் என்று அவர்கள் சொல்வது கோபத்தில் இல்லை, பயத்தில். புருஷன் முகம் கொடுத்துப் பேசாத வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை இருப்பவர் அவர்தான். வாரத்தில் ஒரு நாள் நீ அப்பாவோடு இருந்துகொண்டு அம்மாவைக் கோவிலுக்கோ தங்கச்சி வீட்டுக்கோ அனுப்பு.

அந்தத் தகட்டை எடுத்து எறிந்து சண்டை போடாதே. அது கிடக்கட்டும். மறுபடி காசு கேட்டால் மட்டும் கொடுக்காதே.

மூத்தமகள் (சுங்கை சிப்புட்):

டிரெசர் ஐயா, அக்கா, உங்கள் இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஐயா சொன்னபடி நேராகக் கேட்டேன். கை நடுங்கியது. "நெனப்பு வரும்மா, ஆனா செய்ய மாட்டேன், உங்கம்மா என்ன பண்ணுவா" என்றார். ஸ்டோரில் இருந்த பூச்சி மருந்தை எல்லாம் எடுத்துவிட்டோம். "எனக்காக வாங்க" என்று சொன்னதும் மறு பேச்சில்லாமல் சட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

கிளினிக்கில் தமிழ் பேசும் நர்ஸ் ஒருவர் அந்த ஒன்பது கேள்வியையும் நிதானமாகக் கேட்டார். நான் வெளியே நின்றேன். உள்ளே அப்பா அழுத சத்தம் கேட்டது. பாட்டி செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார், ஈப்போவுக்குக் கடிதமும் கொடுத்தார். பி12, தைராய்டு இரண்டுக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை.

இப்போது பிரச்சினை வேறு. அப்பா நாலைந்து நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டு, "வயித்தப் பெரட்டுது, ஒரு மாத்தமும் இல்ல" என்று நிறுத்தப் பார்க்கிறார். தம்பி, இந்த மாத்திரைக்கு அடிமையாகி ஆள் மயங்கியே கிடப்பார் என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்து அம்மாவைப் பயமுறுத்துகிறான். நான் வேலை, சமையல், அப்பா வீடு, என் வீடு என்று ஓடி ஓடி, பிள்ளைகள் ஒரு பென்சில் கேட்டால்கூட எரிந்து விழுகிறேன். தம்பியோடு பேசினால் சண்டையில்தான் முடிகிறது.

பழைய டிரெசர் (கோலகங்சார்):

நல்ல வேலை செய்தீர்கள் அம்மா. அவர் அழுதது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. "செய்ய மாட்டேன், உங்கம்மா என்ன பண்ணுவா" என்ற வார்த்தையை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவரைப் பிடித்து வைத்திருப்பது எது என்று தெரிந்துகொள்வது அவர்களுக்கும் முக்கியம். சில நாளுக்கு ஒரு முறை அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். ஒரு தடவை கேட்டதோடு விட்டுவிட வேண்டாம்.

மாத்திரை விஷயம். மனச்சோர்வுக்கு இப்போது வழக்கமாக முதலில் கொடுக்கும் மாத்திரைகள் வேலையைக் காட்டவே இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய அதற்கு மேலும் ஆகலாம். ஆனால் வயிற்றுப் புரட்டல் முதல் நாளே வந்துவிடும், அதனால்தான் நிறைய பேர் நல்லது நடக்குமுன்னே நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் புரட்டல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்துப் பாருங்கள். அப்பாவுக்கு அவர் வேலையை வைத்தே சொல்லுங்கள்: இன்றைக்கு உரம் போட்டால் நாளைக்கே குலை தள்ளுமா? அவருக்கு அது புரியும்.

மது, சிகரெட் மாதிரி அடிமையாக்கும் மாத்திரை இல்லை இது. தம்பி கேள்விப்பட்டது தூக்க மாத்திரை வகையைப் பற்றி இருக்கும், அவற்றில் சிலதுக்கு அந்த ஆபத்து உண்டு. இது வேறு. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும். அதனால் நிறுத்துவதானால் டாக்டர் சொல்லி மெதுவாகக் குறைக்க வேண்டும். ஆள் நன்றாகி, சிரித்துப் பேசி, உறுமியைத் தேட ஆரம்பித்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நன்றாகிவிட்டார் என்று வீட்டில் நீங்களே நிறுத்திவிடாதீர்கள். பி12 குறைவு என்று வந்தால் அதற்கு ஊசியோ மாத்திரையோ தனியாகக் கொடுப்பார்கள். அப்போதும் இந்த மாத்திரையை டாக்டர் சொல்லாமல் விடக்கூடாது.

தம்பியிடம் வாதாடாதீர்கள். அவன் கெட்டவன் இல்லை. தன் சம்பளத்தில் வீடு வாங்கி, அப்பா அம்மாவைக் கொண்டுவந்து வைத்தவன். அந்த வீட்டிலேயே அப்பா உருகுவதைப் பார்க்கும்போது தான் செய்ததெல்லாம் வீணாகிவிட்டது போல அவனுக்கு இருக்கும். அந்த வேதனைதான் கத்தலாக வருகிறது. ஷிப்ட் முடிந்து வந்து நிற்கும்போது எதையும் ஆரம்பிக்காதீர்கள். ஓய்வு நாளில், "நீ இவ்வளவு செஞ்சிருக்க, அது எனக்குத் தெரியும். ஈப்போவுக்கு அப்பாவக் கூட்டிட்டுப் போக நீ லீவு எடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். டாக்டர் சொல்வதை அவன் தன் காதால் கேட்க வேண்டும். நீங்கள் சொன்னால் அக்கா பேச்சு, டாக்டர் சொன்னால் அதற்கு எடை வேறு. வேலையையும் பிரித்துக்கொள்ளுங்கள். மாத்திரை அம்மா பொறுப்பு, ஆஸ்பத்திரித் தேதி தம்பி பொறுப்பு, சாயந்திரம் பக்கத்தில் உட்காருவது உங்கள் பொறுப்பு.

நீங்கள் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது, உங்கள் உடம்பு போதும் என்று சொல்வதுதான். அப்பா வீட்டுக்குத் தினமும் போக வேண்டியதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போங்கள். உங்கள் கணவரிடம் சொல்லி, போகாத நாளில் ஒரு மணி நேரமாவது நடக்கவோ தூங்கவோ உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் "தாத்தாவுக்கு உடம்பு சரியில்ல, அதான் அம்மா களைச்சுப் போயிருக்கேன், உங்க மேல கோபமில்ல" என்று சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் வீட்டில் எது நடந்தாலும் தங்களால்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் உங்களுக்குத் தூக்கம் வராமல் இப்படியே இருந்தால், அந்த ஒன்பது கேள்வித் தாளை உங்களுக்கும் கேட்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். இந்த வகை மாத்திரையால் வயசானவர்களுக்குச் சில நேரம் ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். திடீரென்று குழப்பமாகப் பேசுவது, தள்ளாடி நடப்பது, அளவுக்கு மீறித் தூங்கிக்கொண்டே இருப்பது எது தெரிந்தாலும், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கொண்டுபோங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், சர்க்கரை மாத்திரையையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். ரத்த முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.